மட்டக்களப்பு, அம்பாறை வைத்தியசாலைகளில் புதிதாகப் பணியேற்போருக்கு: பாரபட்சத்தை இனங்காணவும் குறைக்கவும் ஒரு வழிகாட்டி

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் புதிதாகப் பணியேற்கும் தாதிய உத்தியோகத்தர்கள், பயிற்சி வைத்தியர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், சிற்றூழியர்கள், பதிவுக் கருமபீடத்தில் அமரும் முகாமைத்துவ உதவியாளர்கள் ஆகியோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. நல்லவர்கள் நிறைந்த ஓர் இடத்திலும் ஒரு சாரார் மட்டும் தொடர்ந்து குறைவான கவனிப்பைப் பெறுவது எப்படி நிகழ்கிறது, அதில் உங்கள் கைக்கு எட்டக்கூடியவை எவை என்பதே இங்கு பேசப்படும் விடயம்.

தொடங்கும் முன் இரண்டு செய்திகளை வேறுபடுத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, தன்னையறியாப் பக்கச்சார்பு. ஒருவரின் உடை, பெயர், பேச்சு, ஊர் ஆகியவற்றைக் கண்ட கணத்திலேயே மனம் ஒரு முடிவுக்கு வந்துவிடுவதும், அந்த முடிவு நமக்கே தெரியாமல் நமது கையையும் நாவையும் வழிநடத்துவதும் இதில் அடங்கும். இரண்டாவது, கட்டமைப்பு ரீதியான இனப்பாகுபாடு. இங்கு எவரும் தீங்கு நினைக்க வேண்டியதில்லை. படிவத்தின் மொழி, பேருந்தின் நேரம், நியமனங்கள் வழங்கப்படும் முறை, சுற்றறிக்கையின் வாசகம் ஆகியவை சேர்ந்து ஒரே மக்களையே ஒவ்வொரு முறையும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிடும். முன்னதைப் பழக்கத்தால் திருத்தலாம். பின்னதை ஏற்பாட்டை மாற்றினால் மட்டுமே திருத்த முடியும். இவ்விரண்டையும் குழப்புவதால்தான், படிவம் பிழையாக இருக்கும் இடத்தில் தாதிக்கு அறிவுரை கூறப்படுகிறது. நமது நாவு பிழையாக இருக்கும் இடத்தில் அரசாங்கம் குறைகூறப்படுகிறது.

முதற்படி: நிலத்தை அறிந்துகொள்ளுதல்

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி மட்டக்களப்பு மாவட்டத்தில் தமிழர் ஏறத்தாழ 72 வீதமும் முஸ்லிம்கள் ஏறத்தாழ 25 வீதமும் வாழ்ந்தனர். அம்பாறையில் முஸ்லிம்கள் 43, சிங்களவர் 39, தமிழர் 17 வீதம் என்ற அளவில் இருந்தனர். இந்த எண்களிலிருந்து ஓர் உண்மை தெரிகிறது. இங்கு எல்லோரும் எங்கோ ஓரிடத்தில் பெரும்பான்மை, எங்கோ ஓரிடத்தில் சிறுபான்மை. அம்பாறை நகரக் கருமபீடத்தில் சிங்களம் தெரியாமல் குறுகி நின்ற தமிழ்ப் பெண்ணே மட்டக்களப்பு விடுதியில் தாதியாக நிற்கும்போது, காத்தான்குடியிலிருந்து வந்த உம்மாவிடமோ வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர் சமூகத்தவரிடமோ அதே தொனியில் பேசக்கூடும். பாதிக்கப்பட்ட அனுபவம் ஒருவரைத் தானாகவே நீதியுள்ளவராக ஆக்கிவிடுவதில்லை என்பதை முதல் வாரத்திலேயே மனங்கொள்ளுங்கள்.

நிர்வாக வரைபடத்தையும் பாருங்கள். அம்பாறை மாவட்டத்தின் சுகாதார நிர்வாகம் அம்பாறை, கல்முனை என இரண்டு பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பணிமனைகளாகப் பிரிந்து இயங்குகிறது. கல்முனை என்ற ஒரே நகரில் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் அருகருகே இருக்கின்றன. முதலாவதைத் தமிழரும் இரண்டாவதை முஸ்லிம்களும் தமது வைத்தியசாலை என்று எண்ணிச் செல்வது வழமை. இந்நிலை உருவான வரலாற்றில் 1990 ஆம் ஆண்டின் வன்முறைகளுக்கும் பங்குண்டு; இரு சமூகங்களும் அந்த ஆண்டை தத்தம் இழப்பாகவே நினைவுகூர்கின்றன. புதியவருக்குத் தேவையான செய்தி இதுதான்: ஒரு நோயாளியை மற்றைய வைத்தியசாலைக்கு மாற்றும்போது, அவர் தயங்குவது பிடிவாதத்தால் அல்ல. அங்கே யாரைச் சந்திக்க வேண்டும், எந்த வாயிலால் செல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுத்து, முடிந்தால் அங்குள்ள விடுதிக்குத் தொலைபேசியில் முன்னறிவித்து அனுப்புங்கள்.

மட்டக்களப்பில் இன எல்லையைவிடச் சில வேளைகளில் வாவியே பெரிய எல்லையாகிறது. வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரையில் பெரியாஸ்பத்திரியும் தனியார் ஆய்வுகூடங்களும் மருந்தகங்களும் அடுத்தடுத்து இருக்க, மேற்குக் கரையான படுவான்கரையின் வெல்லாவெளி, கொக்கட்டிச்சோலை, வவுணதீவு, கரடியனாறு பகுதிகளின் உட்கிராமங்களிலிருந்து வருவோருக்கு ஒரு கிளினிக் நாள் என்பது முழு நாள் கூலியின் இழப்பு. 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின் பயணம் எளிதாகியது உண்மைதான். ஆயினும் பாலத்துக்கு அப்பால் உள்ள உள்வீதிகளில் பேருந்து எப்போது வரும் என்பதைப் பாலம் தீர்மானிப்பதில்லை. ஆகவே முதல் வாரத்தில் ஒரு கொப்பியில் இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் கிளினிக்குக்கு எந்தெந்த ஊர்களிலிருந்து மக்கள் வருகிறார்கள், அவ்வூருக்கு முதல் பேருந்தும் கடைசிப் பேருந்தும் எத்தனை மணிக்கு, கட்டணம் எவ்வளவு. இந்தக் கொப்பி இல்லாமல் அடுத்த படிகளில் கூறப்படும் பலவற்றைச் செய்ய முடியாது.

இரண்டாம் படி: ‘நீ’யையும் ‘நீங்க’ளையும் எண்ணுதல்

தன்னையறியாப் பக்கச்சார்பை அளப்பதற்கு 1998 இல் கிரீன்வால்ட், மக்கீ, ஷ்வார்ட்ஸ் ஆகிய உளவியலாளர்கள் ஒரு கணினிச் சோதனையை வெளியிட்டனர். முகங்களையும் சொற்களையும் எவ்வளவு விரைவாக இணைக்கிறோம் என்பதை வைத்து மனத்தின் சாய்வை அது கணிக்கிறது. இச்சோதனை உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஒரே ஆள் இரண்டு முறை செய்தால் இரண்டு வேறு பெறுபேறுகள் வரக்கூடும் என்பதால், தனியொருவரைப் பற்றி முடிவுகூற அது போதாது. 492 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து 2019 இல் வெளியான ஒரு மதிப்பீடு, சோதனைப் பெறுபேற்றை மாற்றுவதால் மட்டும் ஒருவரின் நடத்தை மாறிவிடுவதில்லை என்று காட்டியது. ஒரு நாள் செயலமர்வில் சான்றிதழ் பெற்றுவிட்டு, பாரபட்சம் நீங்கியது என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

தமிழ் பேசும் நமக்கு அதைவிட மலிவான அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒரு முழுப் பணிநேரத்தில் யாரை ‘நீங்கள்’ என்றும் யாரை ‘நீ’ என்றும் அழைத்தீர்கள் என்று கவனியுங்கள். காற்சட்டையும் கைபேசியுமாக வந்த இளைஞரை ‘நீங்கள்’ என்றும், சாரத்தோடு வயல்வெளியிலிருந்து நேராக வந்த அறுபது வயதானவரை ‘நீ’ என்றும் நாவு பிரித்துவிடும். யாருடைய பெயரை அழைத்தீர்கள், யாரைக் கட்டில் எண்ணால் அழைத்தீர்கள், யாரிடம் கேள்வி கேட்டுவிட்டு விடைக்குக் காத்திராமல் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம்பகமான சக ஊழியர் ஒருவரிடம் உங்களைக் கவனித்துச் சொல்லும்படி கேட்பது இன்னும் நல்லது. ஏனெனில் இவ்விடயத்தில் நமது காது நமக்குச் சாதகமாகவே கேட்கும். பின்னர் ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள்: பால் மணம் மாறாத பிள்ளைகளைத் தவிர எல்லோரும் ‘நீங்கள்’.

இதே வகையில் இன்னொன்றும் கவனத்துக்குரியது. பெண் வைத்தியர் ஒருவர் பரிசோதிக்க வேண்டும் என்று தமிழ்ப் பெண் கேட்டால் அது வெட்கம் என்றும், முஸ்லிம் பெண் கேட்டால் அது மதப் பிடிவாதம் என்றும் பெயர் பெறுவதை விடுதிகளில் காணலாம். கேட்கப்பட்டது ஒன்றே, செய்ய வேண்டியதும் ஒன்றே. பெண் வைத்தியர் இருந்தால் அழையுங்கள். இல்லையெனில் திரையை இழுத்து, பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்கப் பரிசோதியுங்கள். நீரிழிவு நோயாளிகளிடம் நோன்பு பற்றிக் கேட்கும்போதும் றமழானை மட்டும் கேட்டு நிறுத்திவிடாமல், கந்தசஷ்டி, கேதார கௌரி விரதம் ஆகியவற்றையும் உரியவர்களிடம் கேட்டு, இன்சுலின் அளவை முன்கூட்டியே வைத்தியருடன் பேசித் தீர்மானிக்க உதவுங்கள்.

மூன்றாம் படி: களைப்பு வேளைக்கு நிலையான நடைமுறை ஒன்றை வைத்திருத்தல்

நிதானமாக இருக்கும்போது நாம் அனைவரும் ஓரளவு நியாயமாகவே நடந்துகொள்கிறோம். வெளிநோயாளர் பிரிவில் கூட்டம் கதவை நெருக்கும்போதும் இரவுப் பணியின் கடைசி மணித்தியாலங்களிலும்தான் மனம் குறுக்கு வழியை நாடுகிறது. குறுக்கு வழி என்பது பெரும்பாலும் பழைய அபிப்பிராயமே.

2008 செப்டெம்பரில் கனடாவின் வின்னிபெக் நகரில் நடந்ததை அந்நாட்டு வைத்தியத் துறையினர் இன்றும் பாடமாகப் பயில்கின்றனர். பிரையன் சின்கிளேர் என்ற பழங்குடி இனத்தவர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி அவசர சிகிச்சைப் பிரிவில் 34 மணித்தியாலங்கள் காத்திருந்து இறந்தார். அவருக்கு இருந்தது மருந்தால் குணமாக்கக்கூடிய சிறுநீர்ப்பைத் தொற்று. அவர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறார் என்றோ, தங்க இடமில்லாமல் வந்திருக்கிறார் என்றோ கடந்து சென்றவர்கள் எண்ணிக்கொண்டனர்.

நமது ஊர் வைத்தியசாலைகளில் இதற்கு நிகரான வாசகம் ‘கசிப்பு அடித்துவிட்டு வந்திருக்கிறார்’ என்பது. மீன்பிடிக் கிராமங்களிலிருந்தும் பின்தள்ளப்பட்ட சாதியினரின் குடியிருப்புகளிலிருந்தும் வருவோர்மீது இது எளிதில் விழுகிறது. இதற்கான நடைமுறை எளியது. தள்ளாடி வருபவர், குழறிப் பேசுபவர், மயங்கிக் கிடப்பவர் எவராயினும், மது மணம் வீசினாலும் வீசாவிட்டாலும், முதலில் விரல் நுனியில் குருதி வெல்லத்தைப் பாருங்கள். அதன்பின் வெப்பநிலை, நாடித்துடிப்பு, மூச்சு வீதம், தலையில் காயம். குருதி வெல்லம் குறைந்தவரும் பக்கவாதத்தின் தொடக்கத்தில் இருப்பவரும் தலைக்குள் குருதி கசிபவரும் குடித்தவரைப் போலவே தோன்றுவார்கள். அவர்களில் சிலர் உண்மையில் குடித்தும் இருப்பார்கள். விதி எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால், யாரைப் பார்ப்பது என்று களைத்த மனம் தீர்மானிக்க வேண்டிய தேவை எழாது.

நான்காம் படி: மொழியை மருந்தாகவே கருதுதல்

அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை வடக்கு, கிழக்கு மாகாணங்களில் தமிழை நிர்வாக மொழியாக வைத்திருக்கிறது. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆகவே கிழக்கு மாகாண வைத்தியசாலையில் தமிழில் விளக்கம் கேட்பவர் சலுகை கேட்கவில்லை. அதே நேரம், தமிழ் ஊழியர்களே நிறைந்த விடுதிக்குத் தெஹியத்தகண்டியிலிருந்தோ மகாஓயாவிலிருந்தோ வரும் சிங்களத் தாய்க்கும் அதே உரிமை உண்டு என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

மொழி தெரியாத நோயாளி வந்தால் பின்வரும் ஒழுங்கைக் கடைப்பிடியுங்கள். முதலில், உடன் வந்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாயின் மாதவிடாயையோ தந்தையின் புற்றுநோயையோ பத்து வயதுப் பிள்ளையின் வாயால் சொல்ல வைப்பது கொடுமை என்பதோடு, பிள்ளை பாதியை விழுங்கிவிடும் என்ற ஆபத்தும் உண்டு. கணவனை மட்டும் நம்பியிருப்பதும் கூடாது, சிறப்பாகக் காயங்களோடு வந்த பெண்ணிடம். விடுதியில் இரு மொழியும் அறிந்த ஊழியர்களின் பெயரையும் பணிநேரத்தையும் தாதியர் மேசையில் ஒட்டிவையுங்கள். மொழிபெயர்ப்பவர் நோயாளிக்குச் சற்றுப் பின்னால் நிற்க, நீங்கள் நோயாளியின் முகத்தைப் பார்த்தே பேசுங்கள். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். கடைசியில் ‘விளங்கியதா’ என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். ‘வீட்டுக்குப் போய் இந்த மருந்தை எப்படி எடுப்பீர்கள் என்று எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள்.

சத்திரசிகிச்சைச் சம்மதப் படிவம் நோயாளி வாசிக்க முடியாத மொழியில் இருந்தால், கையொப்பம் வாங்கிவிட்டதால் சம்மதம் கிடைத்துவிட்டது என்று கொள்ள முடியாது. படிவத்தை அவர் மொழியில் வாய்விட்டு வாசித்து, வாசித்தவரின் பெயரையும் நேரத்தையும் நோயாளியின் விடுதிக் குறிப்பேடான டிக்கெட்டில் எழுதுங்கள். உரிய மொழியில் படிவம் இல்லாததை அன்றே எழுத்தில் பணிப்பாளருக்கு அறிவியுங்கள். வாய்விட்டு வாசித்தது உங்கள் பழக்கம். படிவம் இல்லாதது கட்டமைப்பு. முன்னதைச் செய்துவிட்டுப் பின்னதை விட்டுவிட்டால், அடுத்த விடுதியில் அதே நிலைதான் தொடரும்.

பேச்சு வழக்கும் ஒரு மொழிதான். வெளியூரில் கற்றுவந்த பயிற்சி வைத்தியருக்கு ‘உளைவு’, ‘குத்து’, ‘எரிவு’, ‘விறைப்பு’ ஆகியவற்றுக்கிடையே உள்ள வேறுபாடு முதல் மாதத்தில் பிடிபடாது. நோயாளி தெளிவாகச் சொல்லவில்லை என்று எழுதுவதற்கு முன், ஊர்த் தாதியர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: உடலையும் கருவியையும் ஐயத்தோடு வாசித்தல்

பாரபட்சம் மனிதர்களிடம் மட்டும் இருப்பதில்லை. அளவு கருவிக்குள்ளும் சூத்திரத்துக்குள்ளும் அது குடியிருக்கிறது. விரலில் மாட்டி ஒட்சிசன் அளவைப் பார்க்கும் கருவி இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவில் 2020 டிசெம்பரில் வெளியான ஓர் ஆய்வு, கருவி 92 முதல் 96 வீதம் வரை காட்டிய வேளைகளில், உண்மையில் நாடிக் குருதியின் ஒட்சிசன் 88 வீதத்துக்குக் கீழே இருந்த சந்தர்ப்பங்களை எண்ணியது. வெள்ளையின நோயாளிகளில் அது 3.6 வீதம், கறுப்பின நோயாளிகளில் 11.7 வீதம். கருவியின் ஒளி தோலின் கருநிறத்தாலும் உறிஞ்சப்படுகிறது. கருவியைச் செம்மைப்படுத்தியபோது வெளிர்நிறத் தோலுடையோரே அதிகம் சோதிக்கப்பட்டனர். ஆகவே கருநிறத் தோலுடைய நோயாளி மூச்சுவிடச் சிரமப்படும்போது கருவி 94 காட்டுகிறது என்பதற்காக அமைதியடையாதீர்கள். மூச்சு வீதத்தை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், வசனத்தை முடிக்க முடிகிறதா என்று பாருங்கள், ஐயம் இருந்தால் நாடிக் குருதிப் பரிசோதனைக்கு வைத்தியரிடம் கேளுங்கள்.

பாடநூல்களின் படங்களும் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுக்கப்பட்டவை. டெங்குக் காய்ச்சலில் தோல் சிவப்பது நமது நோயாளிகள் பலரில் எளிதில் புலப்படாது. குருதிச்சோகையைக் கீழ் இமையின் உட்பகுதியிலும் நாக்கிலும் உள்ளங்கை ரேகைகளிலும் தேடுங்கள். நீலம்பாய்தலை நாக்கிலும் உதட்டின் உட்பக்கத்திலும் பாருங்கள். மஞ்சட்காமாலையைக் குழல்விளக்கின் கீழ் அல்ல, யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெண்பகுதியில் பாருங்கள். படுக்கைப்புண்ணின் தொடக்கமும் தோலழற்சியும் சிவப்பாகத் தெரியாத இடத்தில் புறங்கையை வைத்துச் சூட்டையும் இறுக்கத்தையும் மறுபக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

வலி பற்றிய நம்பிக்கைகளே மிகவும் பிடிவாதமானவை. 2016 இல் வெளியான வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வொன்றில் பங்கேற்ற வெள்ளையின மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி வைத்தியர்களிலும் ஏறத்தாழ அரைவாசிப் பேர், கறுப்பினத்தவரின் தோல் தடிப்பானது என்பன போன்ற பொய்யான உயிரியல் கருத்துகளில் ஒன்றையாவது ஏற்றிருந்தனர். அவ்வாறு ஏற்றவர்கள் கறுப்பின நோயாளியின் வலியைக் குறைத்து மதிப்பிட்டனர். நமது பிரசவ விடுதிகளிலும் ‘இந்தப் பக்கத்துப் பெண்கள் தாங்குவார்கள்’, ‘அந்தப் பக்கத்துப் பெண்கள் கத்துவார்கள்’ என்ற பேச்சுகள் உலவுகின்றன. அடக்கிக்கொண்டு கிடப்பவளுக்கு மருந்து தேவையில்லை என்றும், அழுபவள் நடிக்கிறாள் என்றும் முடிவெடுத்தால் இருவருக்குமே மருந்து கிடைக்காது. சுழியம் முதல் பத்து வரையான அளவில் வலியை எல்லோரிடமும் கேட்டு, மருந்து கொடுத்து அரை மணித்தியாலத்தில் மீண்டும் கேட்டு, இரண்டு எண்ணையும் எழுதுங்கள். எழுதப்பட்ட எண்ணை அலட்சியம் செய்வது கடினம்.

சூத்திரங்களைப் பொறுத்தவரை ஒன்று போதும். குருதியின் கிரியேற்றினினிலிருந்து சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் கணிக்கும் சமன்பாட்டில், கறுப்பினத்தவருக்கு மட்டும் விடையைக் கூட்டிக்காட்டும் பெருக்கி ஒன்று பல ஆண்டுகள் இருந்தது. அவர்களின் சிறுநீரகம் உண்மையில் இருப்பதைவிட நன்றாக இருப்பதாகக் காட்டி, மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் சேர்வதை அது தாமதப்படுத்தியது. 2021 இல் அமெரிக்கச் சிறுநீரக அமைப்புகள் அதை நீக்கிய சமன்பாட்டைப் பரிந்துரைத்தன. இனத்தைக் கணக்கில் எடுப்பது எல்லா இடத்திலும் பிழை என்று இதற்குப் பொருளல்ல: தெற்காசியர் குறைந்த உடல் எடையிலேயே நீரிழிவுக்கு ஆளாவதால் நமக்கு உடற்திணிவுச் சுட்டி 23 இலிருந்தே எச்சரிக்கை தொடங்குகிறது. எந்த வேறுபாட்டுக்கு ஆதாரம் உண்டு, எது வழிவழி வந்த கதை என்று கேட்பதே வேலை.

ஆறாம் படி: எழுதும் சொல்லைத் தெரிதல்

விடுதி டிக்கெட்டில் எழுதப்படும் ஒரு சொல் அடுத்த பணிநேரத்தாரின் கண்ணையும் திசைதிருப்பிவிடும். 2018 இல் அமெரிக்காவில் நடந்த ஆய்வொன்றில் ஒரே நோயாளியைப் பற்றிய இரு வகைக் குறிப்புகள் மருத்துவ மாணவர்களிடமும் பயிற்சி வைத்தியர்களிடமும் வழங்கப்பட்டன. இழிவுதொனிக்கும் குறிப்பை வாசித்தவர்கள் நோயாளியை எதிர்மறையாக எண்ணியதோடு, வலிக்கான மருந்தையும் குறைத்தே எழுதினர்.

நமது கிளினிக்குகளில் இவ்வகையில் அதிகம் புழங்கும் சொல் ‘ஒழுங்கில்லாதவர்’ என்பது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெல்லாவெளிக்கு அப்பால் உள்ள கிராமமொன்றின் ஐம்பது வயதுத் தாய் நீரிழிவுக் கிளினிக்குக்கு மூன்று முறை வரவில்லை. கிளினிக் கொப்பியில் ‘ஒழுங்கில்லை, அறிவுரை கூறப்பட்டது’ என்று எழுதப்படுகிறது. திகதிகளைப் பாருங்கள். ஒன்று மார்கழி வெள்ளம், வீதி நீரில் மூழ்கிய வாரம். மற்றைய இரண்டும் மாசி, பங்குனியின் பெரும்போக அறுவடைக் காலம். ஆண்டில் கையில் காசு புழங்கும் நாட்கள் அவைதாம். அந்தத் தாய்க்கு அறிவுரை தேவையில்லை. இரண்டு மாத மருந்து ஒன்றாகவோ, அருகிலுள்ள பிரதேச வைத்தியசாலையில் மருந்தைப் பெறும் துண்டோ தேவை. ‘வெள்ளத்தால் வர முடியவில்லை, வெல்லாவெளியில் மருந்து பெற ஒழுங்கு செய்யப்பட்டது’ என்று எழுதினால் அடுத்த முறை கொப்பியைத் திறப்பவர் அந்தத் தாயைத் திட்டமாட்டார். முதற்படியில் சொன்ன கொப்பி இங்கேதான் பயன்படும்.

துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நேரமும் அவ்வாறே. மாலை ஐந்து மணிக்குத் துண்டு கிடைக்கும் நோயாளிக்கு ஊருக்குப் பேருந்து உண்டா என்று பார்த்து, தூரத்து ஊரவரின் துண்டுகளை முற்பகலிலேயே ஆயத்தம் செய்யுங்கள்.

ஏழாம் படி: சுற்றறிக்கையையும் வதந்தியையும் எதிர்கொள்ளுதல்

கட்டமைப்பு ரீதியான பாகுபாடு என்னவென்று மட்டக்களப்பு மாவட்டத்தில் எவருக்கும் நூலைக் காட்டி விளக்க வேண்டியதில்லை. ஓட்டமாவடியைக் காட்டினால் போதும். கொவிட் தொற்றால் இறந்தோரை அடக்கமும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்ரல் வர்த்தமானி தகனத்தைக் கட்டாயமாக்கியது. முஸ்லிம் குடும்பங்களும் அடக்கம் செய்யும் வழக்கமுடைய கிறிஸ்தவக் குடும்பங்களும் இதனால் தவித்தன. 2021 பெப்ரவரியில் அது திருத்தப்பட்டு, மார்ச் முதல் நாடெங்கிலுமிருந்து உடல்கள் ஓட்டமாவடிக்குக் கொண்டுவந்து அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது. வீட்டில் காய்ச்சலோடு இருந்தவர்கள் வைத்தியசாலைக்கு வர அஞ்சியது அந்த ஆணையின் விளைவு. அந்த அச்சம் ஆணையோடு நீங்கிவிடவில்லை.

விதி ஒன்றாகவும் வாயிலில் நடப்பது வேறாகவும் இருப்பதும் உண்டு. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின் வந்த அவசரகால விதி முகத்தை மூடுவதையே தடைசெய்தது. ஆனால் ஹிஜாபையும் அபாயாவையும்கூடக் கழற்றும்படி அரச நிறுவன வாயில்களில் பெண்கள் கேட்கப்பட்டனர். எனவே எந்தச் சுற்றறிக்கையையும் பிறர் வாய்வழி சொல்லக் கேட்டதை வைத்து நடைமுறைப்படுத்தாதீர்கள். மூலத்தை வாங்கி வாசியுங்கள்.

வதந்தியின் கதை இன்னும் கொடியது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டதாகப் பரவிய கதையால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச இரசாயனப் பகுப்பாய்வில் அது வெறும் மாவுக்கட்டி என்று தெரிந்தது. உண்பவரை நிரந்தர மலடாக்கும் மாத்திரை என்று ஒன்றே கிடையாது. அடுத்த ஆண்டு குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டில் கைதானார். ஆதாரம் இல்லையெனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் அறிக்கையிட்டது. பின்னர் அவர் சேவைக்கு மீண்டார். இத்தகைய பேச்சு ஊழியர் தேநீர் அறையில் எழும்போது சிரித்து நழுவுவதே பெரும்பாலோரின் வழக்கம். நீங்கள் செய்யக்கூடியது, ‘அப்படி ஒரு மருந்து இல்லை’ என்ற மருத்துவ உண்மையைச் சண்டையின்றி, ஆனால் எல்லோர் முன்னிலையிலும் சொல்வது. குடும்பத்திட்டமிடல் ஆலோசனையிலும், எந்த இனத்துப் பெண்ணாயினும், முறை எது, எவ்வளவு காலத்துக்கு, எப்படி நிறுத்தலாம் என்ற மூன்றையும் அவர் மொழியில் சொல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். பிரசவ வலியில் இருப்பவரிடம் இது பற்றிய சம்மதம் கேட்பது சம்மதமாகாது.

எட்டாம் படி: எண்ணிப் பார்த்தல்

ஆறு மாதம் கடந்ததும் உங்கள் பிரிவில் சிறு கணக்கெடுப்பொன்றைச் செய்யுங்கள். வந்த நேரத்துக்கும் வைத்தியர் பார்த்த நேரத்துக்கும் இடையிலான காத்திருப்பு, முதல் வலிநிவாரணி கிடைத்த நேரம், கிளினிக்குக்கு வராதோரின் ஊர், வைத்திய ஆலோசனைக்கு மாறாக வெளியேறியோரின் மொழி ஆகிய நான்கும் போதும். எதை அளவுகோலாக எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். அமெரிக்காவில் பயன்பாட்டிலிருந்த கணினி நெறிமுறை ஒன்று, கடந்த காலச் செலவை வைத்து யாருக்கு நோய் அதிகம் என்று கணித்தது. கறுப்பினத்தவருக்குச் சிகிச்சையே குறைவாகக் கிடைத்து வந்ததால் செலவும் குறைவாக இருந்தது. அதனால் அவர்கள் ஆரோக்கியமானவர்கள் என்று நெறிமுறை முடிவெடுத்தது. இத்தவறு 2019 இல் வெளிச்சத்துக்கு வந்தது. நம்மிடமும், வருவோரின் எண்ணிக்கை குறைவு என்பதால் தேவையும் குறைவு என்று கூறித் தூரக் கிராமத்து நடமாடும் கிளினிக்கை நிறுத்துவது அதே தவறுதான். பெயர்களை நீக்கிவிட்டு, ஊர் வாரியாக மட்டும் முடிவை விடுதிக் கூட்டத்தில் வையுங்கள். இன வாரியான பட்டியலைச் சுவரில் ஒட்டினால் அது வேறு தீயை மூட்டும்.

ஒன்பதாம் படி: முறையிடுதல்

சக ஊழியர் ஒருவர் நோயாளியை இழிவாகப் பேசினால், நோயாளியின் முன் அவரைத் திருத்த முயலாமல், நீங்களே அந்த நோயாளியிடம் சென்று வேலையைத் தொடருங்கள். பின்னர் தனிமையில் நடந்ததை மட்டும் கூறுங்கள். ‘நீங்கள் இனவாதி’ என்ற வாக்கியத்தோடு உரையாடல் முடிந்துவிடும். ‘அந்த அம்மாவை நீங்கள் இரண்டு முறை கட்டில் எண்ணால் அழைத்தீர்கள்’ என்ற வாக்கியத்துக்கு அவர் விடை சொல்லியாக வேண்டும்.

அது பயனளிக்காதபோது எழுத்தில் செல்லுங்கள்: விடுதிப் பொறுப்பாளர், வைத்திய அத்தியட்சகர் அல்லது பணிப்பாளர், பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் என்பது வழக்கமான ஒழுங்கு. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழ் இருப்பதால் அங்கு பாதை கொழும்புக்குச் செல்கிறது. நோயாளிகளும் உறவினர்களும் கேட்டால் பின்வருவனவற்றையும் தயக்கமின்றிச் சொல்லுங்கள். இனம், மதம், மொழி, சாதி காரணமாக அரச ஊழியரால் பாகுபாடு காட்டப்பட்டால் அது அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரையைத் தொடும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. 1996 என்பது அதன் தொலைபேசி இலக்கம். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுத் தாக்கல் செய்வதற்கான காலம் ஒரு மாதமே. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் அந்தக் கெடுவில் சேராது என்பதால், முதலில் அங்கு செல்வதே பெரும்பாலோருக்கு நடைமுறைச் சாத்தியமானது. மொழி தொடர்பான மறுப்புகளுக்கு 1991 இன் சட்டத்தால் அமைக்கப்பட்ட அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

தமிழ்ப் படிவம் ஏன் இல்லை, மொழிபெயர்ப்பாளர் பதவி எத்தனை வெற்றிடமாக உள்ளது போன்ற கேள்விகளுக்கு 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பியுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் கூற வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன்பின் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். விண்ணப்பத்தைக் கையளிக்கும்போது திகதியிட்ட பற்றுச்சீட்டை வாங்கி, அதன் பிரதியொன்றைப் பணியிடத்தில் அல்லாமல் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.